பலகையில் சீனா, அடுப்பில் கல்கத்தா

எங்கள் பக்கம் ஓரளவு பெரிய ஓட்டல் என்றால் அதில் மூன்று மாஸ்டர்கள் இருப்பார்கள். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சைனீஸ் மாஸ்டர். நான் மூன்றாவது. கற்றுக்குட்டியாக இருந்த நாளிலிருந்து இன்று திருச்சியில் சொந்தமாகக் கடை நடத்துவது வரைக்கும் என் குடும்பத்துக்குச் சோறு போட்டது ஃபிரைட் ரைஸும் சில்லி சிக்கனும் கோபி மஞ்சூரியனும்தான். நான் சீனாவுக்குப் போனதில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சீனர். அவரும் சீனாவைப் பார்த்ததில்லை.

வாடிக்கையாளர்கள் கேட்கும் ஒரு கேள்வி மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை: "மாஸ்டர், இது ஒரிஜினல் சைனீஸா?" இப்போது யூடியூப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அதையே குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். "அண்ணா, கோபி மஞ்சூரியன்னு ஒண்ணு சைனாவுலயே கிடையாதாமே, எல்லாம் டூப்ளிகேட்டாமே" என்கிறார்கள். சைனாவில் கிடையாது என்பது உண்மை. டூப்ளிகேட் என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பதார்த்தங்களுக்குப் பின்னால் ஒரு சனம் இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுக்காரர்களின் நாக்குக்காகச் சமைத்து, இந்த நாட்டாலேயே சிறை வைக்கப்பட்ட சனம். டூப்ளிகேட் என்று ஒரே வார்த்தையில் தள்ளும்போது அவர்களையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம்.

1980-களின் நடுவில் சென்னையில், அண்ணா சாலையை ஒட்டிய ஓர் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். நம்மூர்ச் சமையலுக்கு ஒரு அடுப்படி, சைனீசுக்குத் தனியாக இன்னொன்று. அந்த இரண்டாவது அடுப்படியில் பர்னர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. அங்கே இருந்த மாஸ்டர் கல்கத்தா டாங்ராவிலிருந்து வந்தவர், ஹக்கா என்ற சீன இனத்தவர். நாங்கள் எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம், அவர் என்னைத் தம்பி என்பார். சென்னையில் பல வருஷம் இருந்ததால் தமிழ் நன்றாகவே வரும். கோபம் வந்தால் மட்டும் இந்திக்கும் வங்காளிக்கும் போய்விடுவார்.

என்னைப் பாத்திரத் தொட்டியிலிருந்து அழைத்துக் கடாய்ப் பக்கம் நிறுத்தியவர் அவர்தான். தொடக்கத்தில் எனக்குச் சோறு மட்டும்தான். அரிசி முழு வேக்காட்டுக்குச் சற்று முன்னாலேயே வடிக்க வேண்டும். அகலத் தட்டில் விரித்து, ஒரு கரண்டி எண்ணெய் தெளித்து, மின்விசிறிக்கடியில் ஆறவிட வேண்டும். முதல் நாள் வடித்துக் குளிரில் வைத்த சோறு இன்னும் நல்லது. சூட்டோடு கொட்டினால் குழைந்து கடாயைப் பிடித்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் கடாய். மாஸ்டர் கடாயைத் தூக்கி வீசுகிறார் என்று வெளியே நின்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தூக்கினால் ஒரு வாரத்தில் தோள் போய்விடும். அடுப்பு விளிம்பில் கடாயின் வயிற்றைச் சாய்த்து, முன்னால் தள்ளி, வெடுக்கென்று பின்னால் இழுக்க வேண்டும். சோறு தானாக எழும்பித் திரும்பி விழும். உப்பு, சாஸ், வினிகர் எதற்கும் தனிக்கரண்டி கிடையாது. வறுக்கும் கரண்டியின் நுனியிலேயே அளவு. இது சீனத்துக் கை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, கப்பலேறிக் கல்கத்தா வந்து, அங்கிருந்து ரயிலேறிச் சென்னைக்கு வந்து என் தோளில் இறங்கியிருக்கிறது. ஒரிஜினல் எது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய முதல் சரக்கு இந்தக் கைதான்.

மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு மாஸ்டர் தனக்கென்று ஏதாவது செய்துகொள்வார். இஞ்சியை மெல்லிசாக நறுக்கிப் போட்டு ஆவியில் அவித்த மீன். பூண்டு தட்டிப்போட்டு, தீயை ஏற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் புரட்டியெடுத்த கீரை. பக்கத்தில் வெறும் சோறு. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் உப்பிட்டுக் காயவைத்த கடுகுக்கீரை ஒரு பொட்டலம் கொண்டுவருவார். பன்றிக் கொழுப்புக்கறியை அதன்மேல் அடுக்கி நெடுநேரம் அவிப்பார். அடுப்படி முழுவதும் ஒரு புளித்த, மண் கலந்த வாசனை வரும். ஹக்கா வீடுகளில் விருந்து நாளில் செய்யும் பதார்த்தம் அது. வெளியே மெனு அட்டையில் இதில் ஒன்றுகூட இல்லை.

ஒருநாள் கேட்டேன்: "மாஸ்டர், நம்ம சில்லி சிக்கனை நீங்க சாப்பிட மாட்டீங்களா?"

"சாப்பிடுவேன் தம்பி. பிடிக்கும். ஆனா அது ஆபீஸ். இது வீடு" என்றார்.

இந்த ஆபீஸ் எப்படித் தொடங்கியது என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆச்சியூ என்ற சீன வணிகர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கி, கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் கரும்பாலை வைத்தார். அந்த இடம் இன்றும் ஆச்சிப்பூர் என்றே வழங்குகிறது. கல்கத்தாச் சீனர்கள் புத்தாண்டுக் காலத்தில் அங்கே போய்க் கும்பிட்டு வருகிறார்கள். அவரைத் தொடர்ந்து பலரும் வந்தார்கள். குவாங்டோங் மாநிலத்திலிருந்து வந்த கான்டனியர் தச்சு வேலை பார்த்தார்கள். ஹூபே மாநிலத்தவர் பல் கட்டினார்கள். ஹக்காக்கள் தோலைப் பிடித்துக்கொண்டார்கள். தோல் பதனிடுவதைச் சாதி இந்துக்கள் தொட மறுத்ததால் அந்தத் தொழிலில் இவர்களுக்கு இடம் கிடைத்தது. டாங்ரா சதுப்பு நிலத்தில் வரிசையாகத் தோல் பட்டறைகள் எழும்பின.

இந்தச் சீனர்கள் வைத்த சாப்பாட்டுக் கடைகளில் முதலில் சாப்பிட்டவர்கள் அவர்களேதான். பிறகு வங்காளிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் காரம் வேண்டும், வெங்காயம் வேண்டும், இஞ்சி பூண்டு தூக்கலாக வேண்டும். பச்சை மிளகாயைக் கீறிப் போட்டார்கள், சாஸைக் கூட்டினார்கள், சில்லி சிக்கன் வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வட்டாரமே சேர்ந்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் பட்டறைகளை நகருக்கு வெளியே மாற்றச் சொன்ன பிறகு டாங்ராவில் மிச்சமிருந்தவர்கள் பலருக்குக் கடாய்தான் கைகொடுத்தது.

மாஸ்டர் அதிகம் பேசாத ஒரு பகுதி இதில் உண்டு. 1962-இல் எல்லையில் போர் மூண்டதும், இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் சீன முகம் கொண்ட சுமார் 3,000 பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி என்ற ஊரின் முகாமில் அடைத்தார்கள். உலகப் போர்க் காலத்தில் கைதிகளை வைத்திருந்த முகாம் அது. அதிகம் பேர் அசாமிலும் டார்ஜிலிங் பக்கத்திலும் தலைமுறைகளாக இருந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தைகள். மாஸ்டரின் சின்னம்மா குடும்பம் அசாமில் மாகும் என்ற ஊரிலிருந்து அப்படிப் போனது. சிலர் பல ஆண்டுகள் உள்ளேயே இருந்தார்கள். சீனாவுக்குப் போகிறோம் என்று ஒப்புக்கொண்டவர்களை 1963-இல் ரயிலேற்றிச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கப்பலில் அனுப்பினார்கள். அந்தத் துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நாங்கள் சில்லி சிக்கன் புரட்டிக்கொண்டிருந்தோம். "என் சின்னம்மா சைனாவுக்குப் போய்த்தான் தம்பி சைனாவைப் பார்த்தாங்க" என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கோபி மஞ்சூரியனுக்கு வருகிறேன். மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்கு. கடுங்குளிர்ப் பிரதேசம். அங்கே புளிக்கவைத்த முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் சோளமும் பிரதானம். நம் மஞ்சூரியன் பிறந்த இடமாக எல்லாரும் சொல்வது பம்பாய். கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1970-களில் பம்பாய்க்கு வந்தார். 1975-இல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தபோது புதிதாக ஏதாவது செய்து கொடு என்று வாடிக்கையாளர் கேட்டார் என்றும், நம் சமையலில் முதலில் போடும் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, மசாலாப் பொடிக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, கார்ன்ஃப்ளோரில் புரட்டிப் பொரித்த கோழியை அதில் போட்டேன் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். 1983-இல் சைனா கார்டன் என்ற புகழ்பெற்ற ஓட்டலைத் திறந்தார். சைவக்காரர்களுக்காகக் கோழியின் இடத்தில் காலிஃபிளவர் வந்தது. அந்தக் காலிஃபிளவரும் இந்த மண்ணில் பழசு இல்லை. 1822-இல் இங்கிலாந்திலிருந்து சஹாரன்பூர் கம்பெனித் தோட்டத்துக்கு வந்த விதை அது. அதன்மேல் பூசும் மாவு மக்காச்சோளத்தினுடையது. மக்காச்சோளமும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்.

சமைக்கிறவன் கண்ணால் பார்த்தால் மஞ்சூரியனின் ஊர் உடனே தெரிந்துவிடும். முதலில் எண்ணெய், அதில் பொடியாக நறுக்கிய இஞ்சி பூண்டு மிளகாய், பிறகு வெங்காயம், பிறகு குழம்பு. இது நம் தாளிப்பின் வரிசை. கடைசியில் கார்ன்ஃப்ளோர் கரைசலை ஊற்றிக் கெட்டியாக்குவது மட்டும் சீன வழி. அந்தக் கிரேவி இத்தனை அதிகமாக இருப்பதற்கும் காரணம் நாம்தான். சீனர் கிண்ணத்தில் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு, பொதுத் தட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கடித்துக்கொள்வார்கள். சாறு சோற்றை நனைக்க வேண்டியதில்லை. நமக்குப் பிசைய வேண்டும். ஏற்கெனவே எண்ணெயும் உப்பும் முட்டையும் போட்டு வறுத்த ஃபிரைட் ரைஸைக் கொடுத்தாலும், "அண்ணே, கொஞ்சம் கிரேவி" என்று கிண்ணம் நீட்டுவார்கள். தமிழ்நாட்டில் டிரை, கிரேவி என்று இரண்டு வகையாக மெனு பிரிந்ததே இதனால்தான். ஒரு பதார்த்தத்தின் ஊரை அறிய நான் சமைத்தவனைவிடச் சாப்பிடுகிறவனின் கையை அதிகம் கவனிப்பேன்.

செஸ்வான் கதையும் பம்பாயிலிருந்துதான் வளர்ந்தது. 1970-களில் தாஜ் ஓட்டலின் கோல்டன் டிராகன், சிச்சுவான் மாநிலச் சமையலை அங்கே அறிமுகப்படுத்தியது. அங்கிருந்து அது இறங்கி இறங்கித் தள்ளுவண்டிக்கு வருவதற்குள் காய்ந்த மிளகாய், பூண்டு, வினிகர், சர்க்கரை, எண்ணெய் சேர்ந்த சிவப்பு விழுதாக மாறிவிட்டது. சிச்சுவானின் உயிர் இரண்டு சரக்குகளில் இருக்கிறது. ஒன்று, பீசியான் ஊரில் மொச்சை வகைப் பயறையும் மிளகாயையும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் விழுது. இன்னொன்று, மிளகு என்று சொல்லப்படும், ஆனால் மிளகுக் குடும்பத்தைச் சேராத ஒரு காய். அதைக் கடித்தால் உதடும் நாக்கும் மரத்துப்போய்ச் சுரீரென்று துடிக்கும். எங்கள் செஸ்வானில் இரண்டும் கிடையாது. அந்தக் காயை நான் முதன்முதலில் கடித்தது சிங்கப்பூரில். அதன் உறவுக்காரச் செடி நம் மேற்குக் கடற்கரையிலேயே வளர்கிறது. கொங்கணிகள் திர்பல் என்று சொல்லி மீன் குழம்பில் போடுகிறார்கள். நம் பக்கத்துச் சைனீஸ் அடுப்படிகளுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

சிங்கப்பூருக்குச் சில ஆண்டுகள் வேலைக்குப் போனபோது எனக்கு வேறொரு பாடம் காத்திருந்தது. லிட்டில் இந்தியாப் பக்கம் சாப்பாட்டு அங்காடியில் 'இந்தியன் மீ கோரெங்' என்று பலகை. இந்தியனாகிய நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸ், தக்காளி சாஸ், உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், முட்டை. வறுத்துக் கொடுத்த பாய் கடையநல்லூர்ப் பூர்விகம். சிங்கப்பூரின் தமிழ் முஸ்லிம்கள் அங்கே இருந்த சீனரின் நூடுல்ஸை மலாய்க்காரரும் தமிழரும் சாப்பிடும்படி மாற்றிய பதார்த்தம் அது. இந்தியன் ரோஜாக் என்று அங்கே விற்கும் பதார்த்தமும் அதே வகை. மீன்தலைக் கறி, 1949 வாக்கில் கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்ற சமையல்காரர், மீன்தலையை விரும்பிச் சாப்பிடும் சீனர்களுக்காக வைத்த குழம்பு. டாங்ராவில் ஹக்காக்கள் வங்காளிகளுக்குச் செய்ததைச் சிங்கப்பூரில் நம் ஆட்கள் சீனர்களுக்குச் செய்திருக்கிறார்கள். அன்று அந்தப் பாயிடம், "இது இந்தியாவுலயே கிடையாதே, டூப்ளிகேட்தானே" என்று சொல்ல எனக்கு வாய் வருமா? தலைமுறையாகச் செய்த உழைப்பு அது.

சென்னை மெனு அட்டைகளில் 'சிங்கப்பூர் நூடுல்ஸ்' என்று மஞ்சள் பொடி போட்ட சேமியா வகை ஒன்று இருக்கும். சிங்கப்பூரில் அதைத் தங்கள் ஊர்ப் பதார்த்தம் என்று யாரும் சொல்வதில்லை. அது ஹாங்காங் கடைகளில் வளர்ந்தது. இங்கே பெயருக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு நேர்மாறாக, சென்னையில் பெயரும் ஊரும் பொருந்தும் ஒன்றைக் காட்டுகிறேன். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலையானால் அத்தோ வண்டிகள் நிற்கும். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸைக் கையால் கிளறி, கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய், நொறுக்கிய தட்டை எல்லாம் சேர்த்துத் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப். பர்மாவில் மொய்ங்காவுக்கு மீன்தான் உயிர். இங்கே பல வண்டிகளில் மீன் இல்லை. இருந்தாலும் அதைப் பர்மா சாப்பாடு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதைத் தங்களுக்காகச் சமைத்தார்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

உண்மையான சீனச் சரக்கு நம் ஓட்டல்களில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பிரியாணி தேக்சாவுக்குள் இருக்கிறது. அன்னாசிப்பூ முக்கியமாகத் தென்சீனாவின் குவாங்ஷியிலும் வியட்நாமின் வடக்கிலும் விளைவது. நம் கடைகளில் பட்டை என்று கிடைக்கும் தடித்த, முரட்டுத் தோல் பெரும்பாலும் இலங்கையின் மெல்லிய சுருள் பட்டை இல்லை. சீனாவிலும் வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் விளையும் காசியா. சீனர் தங்கள் ஐந்து மசாலாப் பொடியில் இவை இரண்டையும் போடுகிறார்கள். நாம் பிரியாணியிலும் குருமாவிலும் போடுகிறோம். எங்கள் சைனீஸ் பகுதியில் இரண்டையும் தொடுவதே இல்லை. சைனீஸ் என்று பலகை உள்ள அடுப்பில் நம்மூர்த் தாளிப்பு நடக்கிறது. பாய் வீட்டுக் கல்யாணப் பிரியாணியில் குவாங்ஷி மலைகளின் வாசனை எழுகிறது. சரக்கை வைத்து நாட்டை முடிவு செய்வதானால் பலகைகளை இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே ஏமாற்றே இல்லையா என்றால், இருக்கிறது. பெயரில் அல்ல, வேறு இடங்களில். பச்சை விழுதை வசாபி என்று வைக்கிறார்கள். அது பெரும்பாலும் குதிரைமுள்ளங்கிப் பொடியும் கடுகும் பச்சைச் சாயமும்தான், ஜப்பானிய வேர் அதில் பெயருக்குக்கூட இருக்காது. பண்ணையில் வளரும் பாசா மீனைக் கடல் மீன் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். பாலே இல்லாத, எண்ணெயில் செய்த சீஸைப் பீட்சாமேல் தூவிவிட்டு இத்தாலி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சோயா சாஸ் என்பது பயறும் கோதுமையும் மாதக்கணக்கில் புளித்து வடிவது. ரசாயன முறையில் அவசரமாகப் பிரித்தெடுத்து, கருக்கிய சர்க்கரையால் கறுப்பாக்கிய திரவமும் அதே பெயரில் கேன் கேனாக வருகிறது. இவற்றைத்தான் நான் பொய் என்பேன். காசு கொடுப்பவனுக்கு வாயில் போவது என்னவென்றே தெரியாமல் செய்வது பொய்.

கலர் பொடியையும் இதோடு சேர்க்க வேண்டும். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. ரோடமைன்-பி போன்ற, துணிக்குப் போடும் சாயங்கள் உணவில் கண்டுபிடிக்கப்பட்டதே காரணம். எங்கள் மாஸ்டர் செய்த சில்லி சிக்கன் பழுப்பு நிறம். சோயா சாஸும் எண்ணெயில் வதங்கிய பூண்டும் கொடுத்த நிறம் அது. சிவப்பாக இருந்தால்தான் சைனீஸ் என்று யார் தொடங்கிவைத்தார்களோ, அவர்கள் இந்தத் தொழிலுக்குப் பெரிய கேடு செய்துவிட்டார்கள். இதைப் படிக்கும் எந்தச் சைனீஸ் மாஸ்டரும் அந்தப் பொடி டப்பாவை இன்றே குப்பையில் போடட்டும்.

கலர் பொடியைவிட எனக்கு அதிகம் வலிப்பது இன்னொரு ஏமாற்று. முகத்தை வைத்துச் செய்வது. தொண்ணூறுகளுக்குப் பிறகு டார்ஜிலிங், நேபாளம், மணிப்பூர், மிசோரம் பக்கத்துப் பையன்கள் ஏராளமாக நம் ஓட்டல்களுக்கு வந்தார்கள். கடும் உழைப்பாளிகள். பல முதலாளிகள் அவர்களைத் தேடிப்பிடித்தது உழைப்புக்காக மட்டும் இல்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கடாய் வைத்து, கற்றுக்குட்டியான மணிப்பூர்ப் பையனை அங்கே நிறுத்தினார்கள். சமைத்தது உள்ளே நின்ற நாங்கள். வாடிக்கையாளர்கள் அவனைப் படம் எடுப்பார்கள். "சைனாவுல எந்த ஊரு?" என்பார்கள். அவன் "மணிப்பூர் சார், இந்தியா சார்" என்பான். சிரிப்பார்கள். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு என்னிடம் கேட்டான்: "அண்ணா, நான் இந்தியான்னு சொன்னா ஏன் சிரிக்கிறாங்க?" அவனுக்கு என் மாஸ்டரின் சின்னம்மா கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2012 ஆகஸ்டில், தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தி பரவி, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்கு மாநிலத்தவர்கள் ரயில் ரயிலாக ஊருக்குக் கிளம்பினார்கள். எங்கள் கடையிலும் கடாய்ப் பக்கம் காலியானது. 2020-இல் நோய் பரவியபோது அதே பிள்ளைகளைப் பார்த்துத் தெருவில் நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். 1962-இல் அரசாங்கம் முகத்தைப் பார்த்து நாட்டை முடிவு செய்தது. இப்போது அதே வேலையைத் தெருவில் போகிறவர்கள் செய்கிறார்கள். 'ஒரிஜினல் சைனீஸ்' என்று காட்டுவதற்காக ஒரு முகத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தும் ஓட்டல்காரர், அந்தப் பழக்கத்துக்குத்தான் எண்ணெய் ஊற்றுகிறார்.

அரசாங்கங்கள் இந்த விஷயத்தில் சட்டம் போட்டுப் பார்த்திருக்கின்றன. வெளிநாட்டு ஜப்பானிய ஓட்டல்கள் உண்மையானவைதானா என்று சான்றிதழ் கொடுக்க 2006-இல் ஜப்பான் வேளாண் அமைச்சகம் ஒரு திட்டம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் இருப்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் காப்பு கிடைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஓட்டலில் சுடச்சுடச் சமைத்துப் போடும் தட்டுக்கு அப்படி எல்லை கட்ட முடியாது. அதற்கு வேண்டியது மறக்காமல் பெயர் சொல்வது ஒன்றுதான்.

பெயர் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1962-க்குப் பிறகு கல்கத்தாச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டுப் போனார்கள். கணிசமானவர்கள் டொராண்டோவில் குடியேறினார்கள். அங்கே இன்று 'ஹக்கா' என்று பலகை மாட்டிய கடைகள் நிறைய. உள்ளே போனால் சில்லி சிக்கன், மஞ்சூரியன், ஹக்கா நூடுல்ஸ். அந்த நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் பஞ்சாபிகளும் குஜராத்திகளும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ஹக்காக்களின் பூர்விகமான மெய்ஜோவில் கேட்டால் இந்தப் பதார்த்தங்களை அவர்களுக்குத் தெரியாது. கனடாவில் அவற்றை இந்தியாவின் சீனச் சமையல் என்றே சொல்லி விற்கிறார்கள், சமைத்த சனத்தின் பெயரையே பலகையில் மாட்டியிருக்கிறார்கள். நாம் துரத்திவிட்டவர்கள் நம் ஊரின் பெயரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாம்தான் அவர்களுடைய பெயரை மெனுவில் போடவில்லை.

என் மாஸ்டர் கடைசிவரை இந்தியாவைவிட்டுப் போகவில்லை. டாங்ராவிலேயே இறந்தார். தமிழ்நாட்டில் அவரிடம் தொழில் கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களும் இன்று கோயம்புத்தூரிலும் மதுரையிலும் கும்பகோணத்திலும் கடாய் பிடித்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது.

ஓட்டல் நடத்தும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் வேண்டுகோள். அடுத்த முறை மெனு அச்சடிக்கும்போது 'சைனீஸ்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு 'கல்கத்தா சைனீஸ்' என்று போடுங்கள். திருச்சியில் எங்கள் கடையில் பல வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் யாரை நிறுத்தினாலும் அவர் சமைக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். சாப்பிட வருகிறவர்கள், கடாய்ப் பக்கம் நிற்கும் பையனிடம் எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். அவன் சொல்வதை நம்புங்கள்.